ஒரு ஜெபப் புத்தகத்தின் விலை

ஓர் அரசன் தன் குடிகளிடம் வரி கேட்கலாம். போர் மூண்டால் அவர்களுடைய பிள்ளைகளைப் படைக்கு அழைக்கலாம். சட்டத்தை மீறியவனைச் சிறையில் அடைக்கலாம். இவையெல்லாம் அரசர்களின் உரிமை என்று உலகம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் ஒரு குடியானவன் தன் கடவுளின் முன் மண்டியிடும்போது, அவன் காதில் இன்ன வார்த்தைகள்தாம் விழ வேண்டும் என்று கட்டளையிட அரசனுக்கு உரிமை உண்டா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜெர்மானிய நாடுகளுள் வலிமை மிக்கதாயிருந்த பிரஷ்யாவில் இந்தக் கேள்வி எழுந்தது. இதற்கு விடை தேடி நூற்றுக்கணக்கான எளிய ஜனங்கள் வீடு வாசலைத் துறந்து பூமியின் மறுகோடிக்குக் கப்பலேறினார்கள். அவர்களை அழைத்துச் சென்ற போதகரின் பெயர் ஆகஸ்ட் காவெல். அவருடைய சரித்திரத்தையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

கதையைத் தொடங்குமுன், அந்த அரசரைப்பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மூன்றாம் பிரெடரிக் வில்லியம் கொடுங்கோலர் என்று பெயரெடுத்தவர் அல்லர். மிகுந்த தெய்வ பக்தி உடையவர். பிரஷ்யாவின் புரொடஸ்டண்டு கிறிஸ்தவர்கள் இரு பிரிவினராக இருந்தனர். பெரும்பாலோர் லூத்தர் வழியைப் பின்பற்றினர். சிலர் கால்வின் வழியைப் பின்பற்றினர். அரசர் கால்வின் வழியினர். அரசி லூயிஸாவோ லூத்தரன். அன்பிற் பிணைந்த அந்தத் தம்பதிகள், ஒரே பீடத்தின் முன் நின்று ஒன்றாக இராப்போஜனம் பெற இயலாதிருந்தது. அரசி 1810-ஆம் ஆண்டில் இளவயதிலேயே காலமானாள். அரசர் மனத்தில் அந்தக் குறை ஆறாத புண்ணாகவே தங்கிவிட்டது போலும். லூத்தரின் சீர்திருத்தம் தோன்றி 300 ஆண்டுகள் நிறைந்த 1817-இல், இரு பிரிவுகளும் இனி ஒரே சபையாக வழிபட வேண்டும் என்று அவர் அறிவித்தார். பிறகு தாமே பழைய நூல்களை ஆராய்ந்து ஓர் ஆராதனை முறையை வகுத்து, 1822-இல் ஜெபப் புத்தகமாக வெளியிட்டார். 1830-இல் அந்தப் புத்தகத்தை எல்லாக் கோயில்களிலும் நுழைக்கும் முயற்சி தீவிரமாயிற்று.

இதில் என்ன ஆட்சேபம் என்று நமக்குத் தோன்றலாம். இரு சகோதரர்களைச் சேர்த்து வைப்பது நல்ல காரியந்தானே? ஆனால் கருத்து வேற்றுமை ஏதோ சில்லறை விஷயத்தில் இருக்கவில்லை. இராப்போஜனத்தில் அளிக்கப்படும் அப்பத்திலும் திராட்சரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே உள்ளன என்பது லூத்தரன்களின் விசுவாசம். கால்வின் வழியினர் இவ்வாறு கொள்வதில்லை. அவர்களுக்கு அது ஆவிக்குரிய முறையில் பெறும் பேறு. அரசருடைய புத்தகம் இரு தரத்தாரும் தத்தமக்கு வேண்டிய பொருளை ஏற்றிக்கொள்ளும்படி வார்த்தைகளை அமைத்திருந்தது. ராஜதந்திரத்தில் இது சாமர்த்தியம் எனப்படும். ஆனால் மரணப் படுக்கையில் எந்த வார்த்தைகளை நம்பி உயிர் விடுகிறோமோ, அந்த வார்த்தைகளில் சாமர்த்தியம் கூடாது என்று சிலேசியா, பிராண்டன்பர்க் மாகாணங்களின் கிராமத்து ஜனங்கள் கருதினார்கள். உழவர்களும் நெசவாளர்களும் தச்சர்களுமாகிய அவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்லர். எனினும் பாட்டன் காலத்து ஜெபப் புத்தகமும் ஞானப்பாட்டுகளும் அவர்களுக்கு மனப்பாடம். எந்த வார்த்தை மாறிற்று என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.

1834-இல் சர்க்கார் ஒரு விசித்திரமான உத்தரவைப் பிறப்பித்தது. ஐக்கிய சபையில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பமாம்; ஆனால் புதிய புத்தகத்தை மட்டும் உபயோகித்தே தீர வேண்டுமாம்! அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், சிலேசியாவில் ஹேனிகெர்ன் என்னும் கிராமத்தில் நடந்தது கேளுங்கள். தங்கள் போதகரைச் சிறையிலிட்ட அதிகாரிகள் கோயிலைக் கைப்பற்றாதபடி, கிராமத்தார் அதன் வாசலைக் காத்து நின்றார்கள். சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டைகளால் ஜனங்களை அடித்து விரட்டிக் கதவை உடைத்துத் திறந்தார்கள். பின்னர் அந்தக் கோயிலில் சமாதானப் பிரபுவின் பிறந்தநாள் ஆராதனை புதிய புத்தகத்தின்படி நடந்தேறியது. அது முதல் பழைய லூத்தரன்கள் என்று பெயர் பெற்ற இவர்கள், காடுகளிலும் களஞ்சியங்களிலும் இரவு வேளைகளில் மறைந்து கூடி வழிபட்டார்கள். அபராதமும் ஜப்தியும் சிறைவாசமும் தொடர்ந்தன.

இந்தச் சமயத்தில் பிராண்டன்பர்க் மாகாணத்தில், ஓடர் நதிக்குச் சமீபமாகவுள்ள கிளெம்ஸிக் என்ற சிற்றூரில் போதகராக இருந்தவர்தாம் காவெல். அவர் 1798-இல் பெர்லின் நகரில் பிறந்தவர். பலகைச் சுவர்களெங்கும் வேதாகமச் சித்திரங்கள் தீட்டிய அழகிய மரக்கோயில் ஒன்று அவர் வசம் இருந்தது. தொடக்கத்தில் காவெல் புதிய புத்தகத்தை எதிர்க்கவில்லை. மேலதிகாரிகளின் உத்தரவுப்படியே நடந்தார். ஆனால் ஐக்கியத்தை எதிர்த்துப் பதவியிழந்த பிரெஸ்லௌ நகரத்துப் பேராசிரியர் ஷைபெல் முதலியோரின் எழுத்துக்களைப் படிக்கப் படிக்க அவர் உள்ளம் அமைதியிழந்தது. தாம் பணிந்தது தவறு என்று முடிவு செய்தார். 1835-இல் அரசாங்க சபையிலிருந்து விலகுவதாகத் தெரிவித்தார். பதவி போயிற்று, இருந்த வீடு போயிற்று. ஊராரில் பலர் அவர் பக்கமே நின்றனர். தாம் செய்த பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட மனிதரிடத்தில் ஜனங்களுக்கு ஏற்படும் மதிப்பே தனி. அந்த மதிப்பு பிற்காலத்தில் அவருக்குப் பெரும் பலமாகவும், ஒரு வகையில் பெரும் சோதனையாகவும் ஆயிற்று.

இனிப் பிரஷ்யாவில் வாழ்வதற்கில்லை என்று கண்ட காவெல், 1836-இல் ஹாம்பர்க் துறைமுகத்துக்குச் சென்று, ருஷ்யாவுக்கோ அமெரிக்காவுக்கோ குடியேற வழியுண்டா என்று விசாரித்தார். அங்கே அவருக்கு லண்டன் வர்த்தகர் ஒருவரின் பெயர் கிடைத்தது: ஜார்ஜ் பைப் ஆங்காஸ். ஆஸ்திரேலியாவின் தென்கரையில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ஒரு புதிய காலனியின் நிலத்தை விற்கவும் குடிகளைச் சேர்க்கவும் ஏற்பட்ட கம்பெனிக்கு அவர் தலைவர். அந்தக் காலனிக்கு இரண்டு விசேஷங்கள் உண்டு. மற்ற ஆஸ்திரேலியக் காலனிகளுக்கு அனுப்பியதுபோல் இங்கிலாந்திலிருந்து கைதிகளை அங்கே அனுப்பவில்லை. அரசாங்க மதம் என்ற ஒன்றும் அங்கே வேரூன்றவில்லை. ஆங்காஸ் தாமே இங்கிலாந்தின் அரசாங்கச் சபையில் சேராத குடும்பத்தில் பிறந்தவர். அத்தகையோருக்கு 1828 வரையில் இங்கிலாந்திலும் உத்தியோக உரிமைகளில் தடைகள் இருந்தன. ஆகவே, மனச்சாட்சிக்காகத் துன்புறுவோரின் நிலைமையை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உழைப்புக்கு அஞ்சாத உழவர்கள் ஒரு புதிய காலனிக்கு எவ்வளவு லாபம் என்பதையும் அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரக்கமும் கணக்கும் அவரிடத்தில் ஒன்றாகவே குடிகொண்டிருந்தன. கம்பெனி பின்வாங்கியபோது, தம் சொந்தப் பொறுப்பில் சுமார் 8,000 பவுன் வரையில் கொடுக்க முன்வந்தார். தானமாக அல்ல, வட்டியுடன் திருப்ப வேண்டிய கடனாக.

பணம் கிடைத்தது, அனுமதி கிடைக்கவில்லை. அரசரோ அவர்களைத் தம் புத்தகத்தின்படி வழிபடவும் வைக்க முடியவில்லை, போகவும் விடவில்லை. கிராமங்களில், நிலத்தை விற்றுவிட்டுப் பயண அனுமதிக்காகக் காத்திருந்தவர்கள் கையிருப்பைத் தின்று தீர்த்தார்கள். காவெல் லண்டனில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தனியே காத்திருந்து, துறைமுகப் பகுதியில் வசித்த ஜெர்மானிய மாலுமிகளுக்கு ஊழியம் செய்து நாட்களைக் கழித்தார். பிரிந்திருக்கும் மேய்ப்பனுக்கும் மந்தைக்கும் இடையே கடிதங்களே பாலம்.

கடைசியாக 1838-இல் அனுமதி வந்தது. கிளெம்ஸிக் ஊராரும் சுற்றுப்புறத்தாரும் அவ்வாண்டு கோடையில் ஓடர் நதியில் படகுகளில் ஏறினார்கள். முதியோர், கைக்குழந்தைகள், விதைப் பொட்டலங்கள், வேதப் புத்தகங்கள், பழைய ஜெபப் புத்தகம் யாவும் படகிலே. ஆறுகளும் கால்வாய்களும் வழியாக, ஓடரிலிருந்து ஸ்ப்ரே, ஹாவெல், எல்பே என்று ஊர்ந்து, ஞானப்பாட்டுகளைப் பாடிக்கொண்டே ஹாம்பர்க்கை அடைந்தார்கள். பிறந்த மண்ணை இனிக் காணப்போவதில்லை என்பது அந்த முதியோருக்கு நன்றாகத் தெரியும். ‘பிரின்ஸ் ஜார்ஜ்’ என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தைத் தொட்டபோது, அங்கே காவெல் ஏறிக்கொண்டார். இரண்டு ஆண்டுப் பிரிவுக்குப்பின் நேர்ந்த அந்தச் சந்திப்பை வாசகர்கள் தாமே மனக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் மாதத்தில் ‘பிரின்ஸ் ஜார்ஜ்’ கப்பலும், ‘பெங்காலி’ என்ற மற்றொரு கப்பலும் தென் ஆஸ்திரேலியக் கரையை அடைந்தன. காலனி பிரகடனமாகி அப்போது இரண்டு ஆண்டுகளும் நிறையவில்லை. தலைநகராகிய அடிலெய்டில் பாதி வீடுகள் இன்னும் கூடாரங்களாகவும் குடிசைகளாகவுமே இருந்தன. நகரத்துக்கு வடகிழக்கே டாரன்ஸ் ஆற்றங்கரையில், ஆங்காஸின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஜெர்மானியர்கள் ஊர் கட்டினார்கள். மண் சுவரும் புல் கூரையுமாக வரிசையாய் வீடுகள். பின்புறத்தில் காய்கறித் தோட்டங்கள். ஊருக்கு வைத்த பெயர் கிளெம்ஸிக். விட்டு வந்த ஊரின் பெயரைச் சுமையோடு சுமையாகக் கொண்டுவந்திருந்தார்கள். பின்னாளில் ஓவியராகப் புகழ்பெற்ற ஆங்காஸின் குமாரர் ஜார்ஜ் பிரெஞ்சு ஆங்காஸ், இக்கிராமத்தைச் சித்திரமாக வரைந்து தமது நூலில் வெளியிட்டிருக்கிறார்.

டிசம்பர் மாத இறுதியில் ‘ஜீப்ரா’ என்ற மூன்றாவது கப்பல் வந்தது. அதன் தலைவர் டிர்க் ஹான், டென்மார்க் அரசருக்கு உட்பட்டிருந்த சில்ட் தீவைச் சேர்ந்தவர். பிரயாணிகளைக் கரையில் இறக்கிவிட்டால் கப்பல் தலைவரின் கடமை தீர்ந்தது. ஆனால் அந்தக் கொளுத்தும் வெயிலில் போக்கிடமின்றி நின்ற ஜனங்களைப் பார்த்து அவர் மனம் பொறுக்கவில்லை. தாமே மலைப்பகுதிக்குச் சென்று, நிலச் சொந்தக்காரர்களிடம் பேசி, முதல் ஆண்டு வாடகையின்றி நிலம் கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். 1839-இல் அங்கே எழுந்த ஊருக்கு ஜனங்கள் நன்றியுடன் ஹான்டோர்ப் என்று அவர் பெயரையே சூட்டினார்கள். அவ்வூர்ப் பெண்கள் காய்கறியும் வெண்ணெயும் முட்டையும் நிறைந்த கூடைகளைச் சுமந்து, நள்ளிரவில் புறப்பட்டுக் காட்டுப் பாதையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நடந்து, விடியற்காலையில் அடிலெய்டுச் சந்தையை அடைவார்கள். திரும்பும்போது கோயில் கட்டுவதற்காக ஆளுக்கு இரண்டு செங்கல் கொண்டுவந்தார்கள் என்று இன்றும் அங்கே சொல்வதுண்டு. காவெலின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. ஆங்காஸின் கடனை அடைத்ததில் பெரும் பங்கு இந்தப் பெயரில்லாப் பெண்களின் கால்களுக்கு உரியது.

புதிய நாட்டில் புதிய புத்தகத்தைத் திணிப்பார் யாருமில்லை. பழைய முறைப்படி ஆராதனை பகிரங்கமாக நடந்தது. ஊர்தோறும் கோயிலோடு பள்ளிக்கூடமும் எழுந்தது. பிள்ளைகள் தாய்மொழியில் கற்றார்கள். இவ்வளவும் கைகூடிய வேளையில், 1840-இல், பிரஷ்யாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பழைய அரசர் மாண்டார். அவர் குமாரர் நான்காம் பிரெடரிக் வில்லியம் பட்டத்துக்கு வந்து, சிறையிலிருந்த போதகர்களை விடுவித்தார் என்பதே அது. 1845-இல் பழைய லூத்தரன்கள் தனிச் சபையாக இயங்கச் சட்டபூர்வமான அனுமதியும் கிடைத்தது. இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் இவர்கள் கடல் கடந்திருக்கவே வேண்டியதில்லை! ஆனால் புயலில் சிக்கியவனிடம், அது நாளைக்கு ஓய்ந்துவிடும் என்று யார் சொல்ல முடியும்?

அதற்குப் பின்னும் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. 1841-இல் ‘ஸ்கியோல்ட்’ என்ற கப்பலில் பிரிட்ஷே என்ற மற்றொரு போதகர் தம் சபையாருடன் வந்து சேர்ந்தார். அந்தப் பிரயாணத்தில் நோய் கண்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுடைய சடலங்கள் கடலிலேயே விடப்பட்டன. தப்பிக் கரையேறியவர்கள் மலைச்சாரலில் அமைத்த ஓர் ஊருக்கு லோபெதால் என்று பெயரிட்டார்கள். ‘துதியின் பள்ளத்தாக்கு’ என்பது அதன் பொருள். அத்தனை சாவுக்குப் பிறகும் துதி என்று பெயரிட அவர்களுக்கு நா எழுந்ததை நினைக்கும்போது நமக்கு வியப்பும் வேதனையும் ஒருங்கே உண்டாகின்றன. வேறு சிலர் அடிலெய்டுக்கு வடக்கே, பரோசா என்னும் வளமான சமவெளியில் 1842-இல் பெத்தானி என்ற கிராமத்தை நிறுவினர். அடுத்த ஆண்டளவில் காவெலும் தம்மவருடன் அதற்கு அருகே லாங்மைல் என்ற ஊரில் குடியேறினார். அங்கே அக்காலத்தில் நட்டதாகக் கூறப்படும் திராட்சைக் கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

இது வரையில் சொன்னது காவெலின் ஏற்றம். இனிச் சொல்லப்போவது அவ்வளவு இனிமையானதன்று; ஆயினும் அதை மறைத்தால் சரித்திரம் ஆகாது.

பகைவர் இருக்கும் வரையில் ஒற்றுமை எளிது. அரசரை எதிர்த்தபோது காவெலும் பிரிட்ஷேயும் ஒரே பக்கம். அரசரில்லாத நாட்டில் அவர்கள் ஒருவரையொருவர் உற்று நோக்கத் தொடங்கினர். கிறிஸ்து மீண்டும் வந்து இப்பூமியில் ஆயிரம் ஆண்டு அரசாளுவார் என்பதில் காவெலுக்கு நாளுக்கு நாள் உறுதி மிகுந்தது. சபை நிர்வாகமும் அப்போஸ்தலர் காலத்தில் இருந்தபடியே அமைய வேண்டும் என்றார். லூத்தரன்களின் பழைய விசுவாச நூல்களில் இவற்றுக்கு முரணாகத் தமக்குப் பட்ட சில பகுதிகளை மறுத்துக் கண்டன வாசகங்கள் எழுதினார். பிரிட்ஷே அதற்கு இணங்கவில்லை. 1846 ஆகஸ்டு மாதத்தில் பெத்தானியில் சபை மகாநாடு கூடியது. வாதம் முற்றியது. காவெலும் அவரைச் சேர்ந்தோரும் எழுந்து வெளியேறி, லாங்மைலில் தனியாகக் கூடினார்கள். ஒரே படகில் பாடிக்கொண்டு வந்த ஜனங்களின் சபை இரண்டாயிற்று.

ஜெபப் புத்தகத்தில் ஒரு சொல் மாறியதற்காக அரசரை எதிர்த்து நின்ற அதே நெஞ்சுரந்தான், நண்பர் ஒருவரின் கருத்துக்கு இடம் கொடுக்கவும் மறுத்தது. ஒரு குணத்தை இடம் பார்த்துப் புகழ்ந்து, இடம் பார்த்துப் பழிக்கிறோம். காவெலைக் குறை கூறுவது எளிது. ஆனால் வளையத் தெரிந்த மனிதராக இருந்தால் அவர் கிளெம்ஸிக்கிலேயே வளைந்திருப்பார். எனினும் ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. பிறருடைய மனச்சாட்சியும் தம்முடையதைப் போலவே நோகும் என்பதை, எல்லோரையும்விட அவரல்லவா நன்கு அறிந்திருக்க வேண்டும்? இந்தப் பிளவு ஆற 120 ஆண்டுகள் ஆயின. இரு சபைகளும் 1966-இல்தான் மீண்டும் ஒன்றாயின.

இதனினும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. இந்த உழவர்கள் அடைக்கலம் புகுந்த நிலம் யாருடையது? அடிலெய்டுச் சமவெளி கௌர்ணா என்னும் ஆதிக்குடிகளின் பூமி. மலைப்பகுதியில் பெராமங்க் ஜனங்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் உண்மையில் அனுபவித்து வரும் நிலத்தில் அவர்களுடைய உரிமை கெடக் கூடாது என்று காலனியை ஏற்படுத்திய 1836-ஆம் ஆண்டு அரச சாசனத்திலேயே ஒரு வாசகம் இருந்தது. அந்த வாசகம் ஏட்டில் உறங்கிற்று. நிலமோ ஏக்கர் கணக்கில் விலையாயிற்று. ஜெர்மானியக் குடியானவர்கள் ஆயுதத்தால் யாரையும் துரத்தவில்லை. கம்பெனியும் சர்க்காரும் விற்றதை வாங்கினார்கள், குத்தகைக்கு எடுத்தார்கள். ஆயினும், அவர்களுக்குக் கிடைத்த அடைக்கலம் மற்றொருவர் இழந்த வீடு என்பது மாறிவிடாது.

காவெல் வந்திறங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, ‘பெஸ்டன்ஜி பொமன்ஜி’ என்று பம்பாய்ப் பார்ஸி வர்த்தகர் ஒருவரின் பெயர் தாங்கிய கப்பலில், இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள் அடிலெய்டை அடைந்திருந்தார்கள். டைகெல்மான், ஷூர்மான் என்பவர்கள் அவர்கள். டிரெஸ்டன் நகரத்து லூத்தரன் மிஷன் சங்கம் அவர்களைக் குடியேறியவர்களிடம் அனுப்பவில்லை; ஆதிக்குடிகளிடம் அனுப்பியிருந்தது. தங்கள் பாஷையை அவர்கள்மேல் திணிப்பதற்குமுன், அவர்களுடைய பாஷையைத் தாம் கற்க வேண்டும் என்று இருவரும் கருதினர். கௌர்ணா பெரியோர்களைக் குருவாகக் கொண்டு கற்று, 1839 டிசம்பரில் ஆற்றங்கரையில் கௌர்ணா மொழியிலேயே பாடம் சொல்லும் பள்ளி ஒன்றைத் திறந்தனர். 1840-இல் அம்மொழிக்கு இலக்கணமும் சுமார் 2,000 சொற்களும் அடங்கிய நூலொன்றை அச்சிட்டார்கள். ஆனால் 1845-இல் சர்க்கார் அந்தப் பள்ளியை மூடிக் குழந்தைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிட்டது. நோயாலும் இடப்பெயர்ச்சியாலும் கௌர்ணா ஜனங்கள் குறைந்து சிதறினர். சில பத்தாண்டுகளில் அவர்களுடைய மொழி அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது.

இந்த டிரெஸ்டன் சங்கம் நமக்கும் அந்நியமானதன்று. தென் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பிய அதே சங்கத்தின் மிஷனரி கார்டெஸ் 1841-இல் நம் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பின்னர் சங்கம் லைப்ஸிக் நகருக்கு மாறியது. அதன் தலைவராயிருந்த கார்ல் கிரௌல் தமிழகம் வந்து தமிழ் கற்று, 1856-இல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்கள், இங்கே ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழியைக் கண்டு வியந்து மொழிபெயர்த்தார்கள்; அங்கே எழுத்தே இல்லாத மொழியின் சொற்களை, அவை காற்றில் கலந்து போகுமுன் காகிதத்தில் பிடித்து வைத்தார்கள்.

காவெல் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பரோசாவிலுள்ள டனண்டாவில் காலமானார். லாங்மைல் கோயிலை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எதிர்பார்த்த ஆயிரமாண்டு அரசு அவர் கண்முன் வரவில்லை. ஆனால் அவரை நம்பி வந்த கடன்பட்ட குடியானவர்களின் மக்கள், நிலமும் தோட்டமும் உடையவர்களாகத் தலைநிமிர்ந்து வாழ்வதைப் பார்த்துவிட்டே கண்மூடினார்.

அவர் கண்மூடியபின் நடந்தவற்றையும் சொல்லி முடிக்கிறேன். முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மன் பெயர்கள் ஆஸ்திரேலியர்களுக்கு வெறுப்பாயின. 1917-இல் தென் ஆஸ்திரேலிய சர்க்கார் லூத்தரன் பள்ளிகளை மூடியது. 69 இடங்களின் பெயர்களை மாற்றச் சட்டம் செய்தது. ஹான்டோர்ப் ‘ஆம்பிள்சைட்’ ஆயிற்று. லோபெதால் ‘ட்வீட்வேல்’ ஆயிற்று. கிளெம்ஸிக் ‘காசா’ ஆயிற்று. ஒரு சர்க்கார் சொற்களை மாற்றியதற்காக ஊரை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், மற்றொரு சர்க்கார் ஊரின் சொல்லையே மாற்றியதைப் பார்த்தார்கள். இம்முறை அவர்களுக்குப் போக வேறு கரை இல்லை. இம்மூன்று பெயர்களும் 1935-இல் திரும்பக் கிடைத்தன. பத்தே ஆண்டுகளில், இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், ஓடர் நதிக்கரைப் பிரதேசம் போலந்துக்குச் சென்றது. பழைய கிளெம்ஸிக்கில் இருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். ஊருக்குப் போலிஷ் மொழியில் கிளெம்ப்ஸ்க் என்று பெயர் வந்தது. பிரஷ்யா என்ற ராஜ்யமே 1947-இல் சட்டப்படி இல்லாது போயிற்று. காவெலின் மரக்கோயில் இன்னும் அங்கே நிற்கிறது. ஆனால் கிளெம்ஸிக் என்ற பெயரோடு வழங்கும் ஊரைப் பார்க்க வேண்டுமானால் அடிலெய்டுக்குத்தான் போக வேண்டும்.

கௌர்ணா மொழிக்கும் ஒரு விடியல் வந்தது. அந்த ஜனங்களின் சந்ததியார், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், தங்கள் பாட்டன்மாரின் பேச்சை மீட்க முற்பட்டபோது, அவர்களுக்குப் பெருந்துணையாகக் கையில் கிடைத்தது 1840-இல் அச்சான அந்தச் சிறு நூல். இன்று அடிலெய்டில் பொதுக் கூட்டங்களில் கௌர்ணா மொழியில் வரவேற்பு கூறுகிறார்கள். டாரன்ஸ் ஆற்றுக்கு ‘கர்ரவிர்ரா பர்ரி’ என்ற அதன் பழைய பெயரும் திரும்பியிருக்கிறது. செவ்வரக்கு மரக் காட்டின் ஆறு என்பது அதன் பொருள்.

அந்த ஆற்றங்கரைக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு புத்தகங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, அதில் ஒரு சொல்லையும் இழக்க மாட்டோம் என்று ஜனங்கள் கடல் கடந்து சுமந்து வந்த ஜெபப் புத்தகம். மற்றொன்று, பிறர் சொற்களை இழந்துவிடக் கூடாதே என்று இரண்டு அந்நியர்கள் எழுதி வைத்த சொற்புத்தகம். முதலாவதன் விலையை அரசர் ஒருவரிடமும், கடன் பத்திரத்திலும், கடலில் விட்ட சடலங்களிலும், நண்பரோடு முறிந்த உறவிலும் காவெலும் அவர் ஜனங்களும் கொடுத்துத் தீர்த்தார்கள். அதைக் குறைவாக மதிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த விலையில் ஒரு பங்கைக் கேளாமலே கௌர்ணா ஜனங்களும் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, அவர்களுக்கு எஞ்சிய அந்தச் சிறிய சொற்புத்தகத்தையே நாம் இரு கைகளாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறது.